நஸ்ரீன் டீச்சரின் கீபோர்டு மூட்டை

செய்தி வந்தபோது நான் பத்தாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். எங்கள் பள்ளியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றால்தான் போன் எடுக்கும். தலைமையாசிரியர் அங்கே நின்று பேசிவிட்டு, போனைக் காதிலிருந்து எடுக்காமலே என் வகுப்பு வாசல்வரை நடந்துவந்தார். "டீச்சர், கொஞ்சம் வெளிய வாங்க" என்றார். அவர் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஒரு வாரமாக வேலூரில் ஒரு மருத்துவமனையில் காய்ச்சலோடு கிடந்த எங்கள் கணினி ஆசிரியை நஸ்ரீன் அன்று காலையில் இறந்துவிட்டார். அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை.

நான் வகுப்புக்குள் திரும்பிப் போய், கரும்பலகையில் பாதியில் விட்டிருந்த வாக்கியத்தை எழுதி முடித்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இதைக்கூடப் பலமுறை எழுந்து போய் எழுந்து போய்த்தான் எழுதுகிறேன். அவருடன் வேலை பார்த்தவர்களும் அவரிடம் படித்தவர்களும் இதை வாசிப்பீர்கள். உங்களுக்குத் தெரிந்த நஸ்ரீன் வேறு மாதிரி இருந்திருக்கலாம். ஆசிரியர் குடியிருப்பில் அவருக்குப் பக்கத்து வீட்டில் இருந்த தமிழாசிரியையாகிய எனக்குத் தெரிந்தவரைப் பற்றிச் சொல்கிறேன்.

வாணியம்பாடியில் தோல் வியாபாரம் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர் அவர். ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறும் பேருந்தில், வளைவுகளில் வாந்தியெடுத்துக் களைத்த முகத்தோடு எங்கள் பள்ளி வாசலில் இறங்கினார். முதலில் பையை வீட்டில் வைத்துவிட்டு வரலாம் என்றேன். "லேப பாத்துட்டு போலாங்க்கா" என்றார். நான் அவரைவிட மூத்தவள் என்பதை ஒரே பார்வையில் முடிவுசெய்து, அந்த நிமிடமே அக்கா ஆக்கிக்கொண்டார்.

கணினி அறையின் பூட்டு துருப்பிடித்திருந்தது. உள்ளே எல்லாக் கணினிகளும் நீல உறை போர்த்தி வரிசையாக இருந்தன. ஓர் உறையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே விட்டார். "எங்க வூட்டுப் பொம்பளைங்களகூட இவ்ளோ கண்டிஷனா மூடி கோஷாவுல வெச்சதில்லக்கா" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை, அதற்குள் மேசைக்கடியில் குனிந்து வயர்களை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதி வயர்களை எலி கடித்திருந்தது. யு.பி.எஸ். பேட்டரி எப்போதோ செத்துப்போயிருந்தது. அது மழைக்காலம் வேறு. மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. பேட்டரிக்கும் வயருக்கும் மேலிடத்துக்கு எழுதிப் போட்டு, பதில் வரும்வரை பாடப்புத்தகத்தை வாசிக்கவைப்பதுதான் அதுவரை இருந்த வழக்கம். நஸ்ரீனும் எழுதிப் போட்டார். ஆனால் பதிலுக்காக உட்கார்ந்திருக்கவில்லை.

அடுத்த வாரம் என்னைப் பதினோராம் வகுப்புக்குக் கூப்பிட்டார். "இன்னிக்கு நீங்கதான் கம்ப்யூட்டரு. புள்ளைங்க இன்னா சொல்லுதுங்களோ அத மட்டும் செய்யணும். உங்க மூளைய ஸ்டாஃப் ரூம்லயே வெச்சிட்டு வாங்க." செல்வி என்ற மாணவியை நாற்காலியில் உட்காரவைத்து, அவள் தலைமுடியை அவிழ்த்துவிட்டு, இவளுக்குப் பின்னல் போட வேண்டும் என்றார். முடியை மூன்றாகப் பிரிக்கச் சொன்னார்கள் பிள்ளைகள். ஒரு பெரிய கொத்தும் இரண்டு நூலுமாகப் பிரித்தேன். "சமமா டீச்சர், சமமா" என்று கத்தினார்கள். "சமமான்னு நீங்க சொல்லவே இல்லியே" என்றார் நஸ்ரீன். வலது பக்கத்தை எடுத்து நடுவில் போடச் சொன்னார்கள். போட்டுவிட்டுச் சும்மா நின்றேன். அந்தப் பெண்ணின் தலை காக்காய்க் கூடு மாதிரி ஆன பிறகு, ஒரு வழியாகச் சரியான சொற்களைக் கண்டுபிடித்தார்கள்: வலதை நடுவுக்கு மேலே போடு, இடதை நடுவுக்கு மேலே போடு, இதையே திரும்பத் திரும்பச் செய்.

"எது வரைக்கும்?" என்று கேட்டார் நஸ்ரீன்.

"முடி தீர்ற வரைக்கும்."

நாற்காலியில் இருந்த செல்வி தலையைத் திருப்பாமலே, "முடி தீர்ற வரைக்கும் பின்னினா ரிப்பன எங்க கட்றது டீச்சர்?" என்று கேட்டாள்.

அறைக்குள் நடந்துகொண்டே இருக்கும் நஸ்ரீன் அப்போது நின்றுவிட்டார். "அதான். எங்க நிறுத்தணும்னு நாம சொல்லாத வரைக்கும் அது நிறுத்தவே நிறுத்தாது" என்றார். பிறகுதான் கரும்பலகையில் பாடப்புத்தகச் சொல்லான 'மடக்கு' என்பதை எழுதினார். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் கட்டளைக்கு அதுதான் பெயர். அந்தச் சொல்லை எழுதுவதற்கு முன்பே பிள்ளைகளுக்கு அது புரிந்திருந்தது.

சொற்களுக்காக நாங்கள் போட்ட சண்டையைச் சொல்லாமல் இருக்க முடியாது. மதிப்பை வைத்துக்கொள்ளும் இடத்துக்குப் பாடப்புத்தகத்தில் 'மாறி' என்று பெயர். எங்கள் பக்கத்துப் பேச்சில் வல்லின றகரமும் இடையின ரகரமும் ஒன்றுபோலத்தான் ஒலிக்கும். ஒரு பெண் அதை 'மாரி' என்று எழுதிவைத்து, அம்மன் பேரை ஏன் கணினிக்கு வைத்தார்கள் என்று கேட்டாள். நஸ்ரீன் என்னிடம் ஓடிவந்தார். "உங்க ற, ர-வ நீங்களே பாத்துக்குங்கக்கா. நான் டப்பான்னு சொல்லிக்கறேன்." தேர்வில் டப்பா என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்காது என்றேன். "மொதல்ல டப்பாவுல இன்னா கீதுன்னு தெரியட்டும். மூடி மேல பேரு அப்பறமா ஒட்டலாம்" என்றார்.

அந்த ஆண்டுத் தமிழ்த் தேர்வில் அணி என்றால் என்ன என்று கேட்டிருந்தேன். செய்யுளுக்கு அழகு சேர்ப்பது அணி என்பது விடை. வகுப்பில் பாதிப் பேர், 'ஒரே வகையான தரவுகளை வரிசையாக வைப்பது அணி. அதன் எண்ணிக்கை சுழியிலிருந்து தொடங்கும்' என்று எழுதியிருந்தார்கள். கணினிப் பாடத்திலும் அணி என்ற சொல் உண்டு. விடைத்தாள் கட்டோடு அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். வாசித்துவிட்டு, "கரெக்டாத்தானே எழுதியிருக்குதுங்க" என்றார். அவருக்கு அதில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் போய்விட்டது. மதிப்பெண் மட்டும் போடவில்லை.

அதற்குப் பிறகு சாயங்காலங்களில் என் வீட்டில் உட்கார்ந்து பாட அட்டைகள் செய்யத் தொடங்கினோம். உட்கார்ந்தது நான், அவர் நடந்துகொண்டே சொல்வார். வாணியம்பாடியில் அவர் உறவினர் வீடுகளிலிருந்து பழைய கல்யாணப் பத்திரிகைகளைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவருவார். கெட்டி அட்டை, பின்பக்கம் வெள்ளை. அதில் ஒரு கட்டளையை நான் தமிழில் எழுதுவேன். பிள்ளைகள் அட்டைகளை முன்னும் பின்னும் மாற்றி அடுக்கி ஒரு நிரலை உருவாக்குவார்கள். பெரியது எது என்று பார், இடம் மாற்று, இல்லையென்றால் அடுத்ததற்குப் போ. மறுபக்கத்தைத் திருப்பினால் யாரோ ஒருவரின் மகளுக்கு நிக்காஹ் அழைப்பு இருக்கும்.

ராகிக்கும் சாமைக்கும் எடை போடுவது, தேன் எடுக்கப் போகும்போது வழி பிரிந்தால் எந்தப் பக்கம் போவது என்று பிள்ளைகளின் வீட்டு விஷயங்களை வைத்தே அட்டைகள் செய்தோம். நான் ஒரு வாரம் பாடுபட்டு அழகாக எழுதிய ஒரு கட்டை, வகுப்பில் ஒருமுறை பயன்படுத்திவிட்டுக் கிழித்துப்போட்டார். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. "அம்சமா எழுதினீங்கக்கா. ஆனா மூணாவது அட்டையில எல்லாப் புள்ளைங்களும் தடுக்கி வுழுந்துச்சுங்க. அப்ப தப்பு புள்ளைங்க மேல இல்ல, அட்டை மேல" என்றார். மறுநாளே புதிதாகச் செய்ய உட்கார்த்திவிட்டார். அவரோடு வேலை செய்வது சுகமான காரியமில்லை. ஒன்று சரியாக வந்துவிட்டது என்று நாம் மூச்சுவிடும்போது அவர் அடுத்ததில் இருப்பார்.

ஒரு நாள் ஆய்வுக்கு ஓர் அதிகாரி வந்தார். கணினி அறை பூட்டியிருந்தது. பிள்ளைகள் மைதானத்தில் கோடு கிழித்து, கையில் அட்டையோடு இடம் மாறிக்கொண்டிருந்தார்கள். அவர் கெட்ட மனிதர் இல்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா இந்தப் பிள்ளைங்க பரீட்சையில மெஷின் முன்னாடி உக்காரணும். அப்ப கை நடுங்கும். அதுக்கு என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். கரண்ட் இல்லை, பேட்டரி இல்லை என்று நஸ்ரீன் படபடவென்று சொன்னார். "அது என் கேள்விக்குப் பதில் இல்லம்மா" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அன்று முழுக்க நஸ்ரீன் அவரைத் திட்டிக்கொண்டிருந்தார். நானும் சேர்ந்து திட்டினேன்.

அந்த அதிகாரி சொன்னதே நடந்தது. அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வில், வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பக்கத்தில் நிற்க, தேர்வுக்கென்று வாடகை ஜெனரேட்டரில் ஓடவைத்த கணினி முன்னால் செல்வி உட்கார்ந்தாள். ரிப்பனை எங்கே கட்டுவது என்று கேட்ட அதே செல்விதான். நிரலைத் தாளில் தப்பில்லாமல் எழுதிவிட்டாள். தட்டச்சு செய்யும்போது ஒற்றை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தேடினாள். அடைப்புக்குறி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. பக்கத்துப் பெண்கள் தட்டுத் தடுமாறி முடித்துவிட்டு எழுந்தார்கள். திடீரென்று அவளும் எழுந்து வெளியே போய்விட்டாள். எழுத்துத் தேர்வுக்கும் வரவில்லை. அவள் அப்பா அவளைத் திருப்பூருக்கு ஒரு பனியன் கம்பெனிக்கு அனுப்பிவிட்டார் என்று பிறகு தெரிந்தது.

நஸ்ரீன் அன்று யாரையும் திட்டவில்லை. என் வீட்டுக்கு வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, "அவளுக்கு எல்லாம் தெரியும்க்கா. விரலுக்குத்தான் தெரியல. விரலுக்கு நான் சொல்லிக்குடுக்கல" என்றார். அட்டைகள் வைத்திருந்த பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். இரண்டு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனார். வாணியம்பாடியிலேயே ஒரு தனியார் பள்ளியில் வேலை இருப்பதாக அவர் அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். இங்கே அவர் தற்காலிக ஆசிரியைதான். ஒவ்வோர் ஆண்டும் அடுத்த ஆண்டு இருப்பாரா என்று தெரியாது. திரும்பி வரமாட்டார் என்றே நினைத்தேன்.

வந்தார். பேருந்துக் கூரையிலிருந்து ஒரு சாக்கு மூட்டையை இறக்கச் சொல்லிக் கீழே நின்றுகொண்டிருந்தார். நடத்துநர், "மூட்டையில இன்னாம்மா, கலகலன்னுது?" என்று கேட்டார். "எழுத்துங்கண்ணா" என்றார் நஸ்ரீன். தோல் கம்பெனி அலுவலகங்களில் பழுதாகி ஓரத்தில் போட்டிருந்த கீபோர்டுகளை அண்ணன் மூலமாகக் கேட்டு வாங்கி வந்திருந்தார். எதுவும் வேலை செய்யாது. சிலவற்றில் ஓரிரண்டு பொத்தான்கள் இல்லை. மலைக்கு வந்த பிறகும் அவற்றில் தோல் பதனிடும் மருந்து வாடை அடித்தது. பிள்ளைகளை வைத்துத் துடைத்தார், உதிர்ந்த பொத்தான்களுக்கு அட்டையை வெட்டி ஒட்டினார், பிள்ளைகள் தங்கும் பள்ளி விடுதிக்கு அனுப்பிவிட்டார்.

அன்றிலிருந்து சாப்பாட்டு மணிக்கு முன்னால் விடுதிப் பக்கம் போனால், எதனோடும் இணைக்காத கீபோர்டுகளில் பிள்ளைகள் தட்டிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்கும். ஒருத்தி நிரலை வாய்விட்டு வாசிப்பாள். மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு தட்டுவார்கள். சமையல்கார அம்மா முதலில், "இன்னா டீச்சர், டிவியே இல்லாம ரிமோட்ட அமுத்திகினு கீதுங்க?" என்று கேட்டார். பிறகு அவரும் வந்து தன் பேரை ஒருமுறை தட்டிப் பார்த்தார். திரையில்லாததால் சரியாக வந்ததா என்று தெரியவில்லை என்று சிரித்தார். பேட்டரி வந்து கணினிகள் உயிர் பெற்றபோது, பிள்ளைகள் நேராகப் போய் உட்கார்ந்து தட்டினார்கள். நஸ்ரீன் அந்த அதிகாரிக்குப் போன் செய்து, "சார், அன்னிக்கு நீங்க கேட்டதுக்கு இப்பதான் பதில் கெடச்சிருக்கு" என்று சொன்னார். எனக்கென்றால் அந்த போனைச் செய்ய மனம் வந்திருக்காது.

மூட்டையிலிருந்து பொத்தான் உதிராத ஒரு கீபோர்டை எடுத்து, செல்வியின் மாமா மூலம் திருப்பூருக்கும் அனுப்பியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் தண்ணீர்த் தொட்டி அருகில் நின்று அவளோடு பேசுவார். "இன்னாடி, தட்றியா? எந்த அளவுல கீது?" அவர் நச்சரிப்புத் தாங்காமலே அவள் துணைத் தேர்வு எழுதினாள் என்று நினைக்கிறேன். தேர்ச்சியும் பெற்றாள். விடுதிப் பிள்ளைகளுக்கெல்லாம் இனிப்பு கொடுத்த கையோடு நஸ்ரீன் என்னிடம், "பாஸாய்ட்டா சரி. இன்னும் அந்தக் கம்பெனியிலதானே நிக்கறா? காலேஜுக்கு இன்னா பண்றதுக்கா?" என்று கேட்டார்.

மருத்துவமனையிலிருந்து எனக்கு ஒருமுறை போன் செய்தார். குரல் அடங்கிப்போயிருந்தது. காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "அது கீது. செல்வி காலேஜுக்கு அப்ளிகேஷன் போட்டாளா கேளுங்கக்கா. என் போன நர்சு வாங்கி வெச்சிக்கறாங்க" என்றார். கேட்கிறேன், நீங்கள் ஓய்வெடுங்கள் என்றேன். நாங்கள் கடைசியாகப் பேசியது இதுதான்.

தலைமையாசிரியரும் நானும் வாணியம்பாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது, நஸ்ரீனைக் குளிப்பாட்டிக் கபன் துணி போர்த்திக் கிடத்தியிருந்தார்கள். அவர் பேருந்தில் வாந்தியெடுத்த அதே வளைவுகளில் இறங்கி வந்திருந்தோம். பெண்கள் இருந்த உள்ளறைக்கு என்னை அழைத்துப் போனார்கள். அவர் தாயார் என் கையைப் பிடித்துக்கொண்டார். அழுது முடித்திருந்தார். "ஒரு இடத்துல ஒக்காந்து சோறு துன்னதில்ல டீச்சர் இவ. தட்ட கையில எடுத்துகினு வூடு பூரா நடப்பா. இப்ப பாருங்க, எவ்ளோ நேரமா சும்மா கீறா" என்றார். என்னால் அந்த முகத்தை நிறைய நேரம் பார்க்க முடியவில்லை. அசையாத நஸ்ரீனை நான் பார்த்ததே இல்லை. ஜனாஸாவை அடக்கம் செய்ய ஆண்கள் எடுத்துப் போனார்கள். பெண்கள் நாங்கள் வாசலில் நின்றோம்.

திருப்பூரில் இருந்த செல்விக்கு நான்தான் போன் செய்து தகவல் சொன்னேன். பின்னால் தையல் இயந்திரங்களின் சத்தம் கேட்டது. "அந்தக் கீபோர்டு என்கிட்டதான் இருக்கு டீச்சர். திருப்பிக் குடுக்கணுமா?" என்று கேட்டாள். உன்னிடமே இருக்கட்டும் என்றேன். அப்ளிகேஷன் போட்டாயா என்று கேட்டேன். சாதிச் சான்றிதழ் இன்னும் வரவில்லை, அது இல்லாமல் போட முடியாது, அப்பா இரண்டு முறை தாலுகா அலுவலகத்துக்கு அலைந்துவிட்டு விட்டுவிட்டார் என்றாள். நஸ்ரீனிடம் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "சொல்லியிருந்தா மறுநாளே போய் நின்னிருப்பாங்க டீச்சர். ஒடம்பு சரியில்லாதப்ப எப்டி சொல்றது?" என்றாள். நானும் அந்த அலுவலகத்துக்கு இரண்டு முறை போய் வந்துவிட்டேன். இன்னும் கிடைக்கவில்லை. திங்கட்கிழமை மறுபடியும் போகிறேன்.

அவர் இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை. கணினி வகுப்பு நேரத்தில் பிள்ளைகளைச் சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ள என்னை அனுப்புகிறார்கள். போன வாரம் அவர்கள் தாங்களாகவே பாட அட்டைகள் இருந்த பெட்டியைத் திறந்து ஒரு கட்டை எடுத்தார்கள். அது நஸ்ரீன் கடைசியாகச் செய்தது. நான் ஊருக்குப் போயிருந்த சமயமாதலால் அவரே தன் கையால் எழுதியிருந்தார்; எழுத்துகள் வரிசையில் நிற்காமல் சாய்ந்து ஓடின. பிள்ளைகள் அடுக்கினார்கள். விடை தவறாக வந்தது. மாற்றி அடுக்கினார்கள். அப்போதும் தவறு. எனக்குக் கணினி தெரியாது. ஆனால் இத்தனை ஆண்டுகள் எழுதிக் கொடுத்ததில் ஏதோ கொஞ்சம் பிடிபட்டிருந்தது. ஒவ்வோர் அட்டையாக வாசித்துக்கொண்டே வந்தோம். ஓர் இடத்தில் 'சிறியது' என்று இருக்க வேண்டியதை அவர் 'பெரியது' என்று எழுதியிருந்தார். காய்ச்சல் தொடங்கிய நாட்களில் எழுதியதாக இருக்கலாம்.

நான் பேனாவை எடுத்தேன். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் அட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "அழிக்காதீங்க டீச்சர். அது நஸ்ரீன் டீச்சரு எழுதினது. அப்டியே இருக்கட்டும். நாங்க மனசுல மாத்திக்கறோம்" என்றாள். வகுப்பு முழுவதும் அவள் பக்கம்தான் இருந்தது. எனக்கும் அந்தச் சாய்ந்த எழுத்தின் மேல் கோடு போடக் கை வரவில்லை.

"அடுத்த வருஷம் வர்ற புள்ளைங்களுக்கு யார் சொல்லுவாங்க?" என்று கேட்டேன். அந்தப் பெண் தன் கையை எடுத்துக்கொண்டாள். நான் 'பெரியது' என்பதை அடித்துவிட்டுப் பக்கத்தில் 'சிறியது' என்று எழுதினேன். பிள்ளைகள் மறுபடியும் அடுக்கினார்கள். இந்த முறை சரியாக வந்தது.

நஸ்ரீனிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த இருப்புக்கொள்ளாமை ஒன்றுதான். வேறு எதையும் விட அது சுமப்பதற்குக் கடினமாக இருக்கிறது.